தொண்டு வாசற்படியிலே தொடங்கட்டும்!

தொண்டன் என்ற சொல்லுக்கு நமது இயக்கத்திலே தனி மதிப்புண்டு. தலைவன் என்று அழைத்தால் தயங்கி நிற்பவன்கூட, தொண்டன் என்று அழைத்தால் நெஞ்சு நிமிர்த்தி நிற்பான். கொடி கட்டத் தொண்டன், கூட்டம் சேர்க்கத் தொண்டன், சுவரெழுதத் தொண்டன், சிறை செல்லத் தொண்டன் என்று பல காலமாக நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம். அந்தத் தொண்டரிடம் இன்று ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையோடுதான் கேட்கிறோம்.

இன்று காலை உங்கள் வீட்டுக் குப்பை எப்படிப் போயிற்று?

சிரிப்பு வரலாம். மொழிச் சிக்கல் இருக்கிறது, மாநில உரிமைச் சிக்கல் இருக்கிறது, விலைவாசி இருக்கிறது. இத்தனையும் இருக்கக் குப்பையைப் பற்றியா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் மொழியைப் பற்றி நாம் பேசுவது மனிதனின் மானத்துக்காக. உரிமையைப் பற்றி நாம் பேசுவதும் மனிதனின் மானத்துக்காகவே. அந்த மானம் நாள்தோறும் காலையிலே நமது வாசற்படியிலே மிதிபடுகிறதென்றால், அதைப் பற்றி எழுதாமல் வேறெதைப் பற்றி எழுதுவது?

காலை ஆறரை மணி. திருச்சியிலே ஏதோ ஒரு தெரு. உறையூராக இருக்கட்டும், பாலக்கரையாக இருக்கட்டும், திருவரங்கத்து உத்தர வீதியாக இருக்கட்டும். குப்பை வண்டி வருகிறது. மக்கும் குப்பையைத் தனியாகவும் மக்காத குப்பையைத் தனியாகவும் தாருங்கள் என்று கேட்கிறார்கள். ஒரு கதவு திறக்கிறது; ஒரு கை நீள்கிறது; கையிலே ஒரே ஒரு பை! அதற்குள்ளே நேற்றைய சோறு, பால் உறை, மழித்துப் போட்ட பிளேடு, காலாவதியான மாத்திரை, உடைந்த கண்ணாடித் தம்ளர் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. நாட்டிலே வரவேண்டிய சமத்துவம் இன்னும் முழுமையாக வரவில்லை. பையிலே வரக்கூடாத சமத்துவம் வந்துவிட்டது!

கதவு மூடிக்கொள்கிறது. வண்டியருகே நிற்கும் அம்மையார் அந்தப் பையைப் பிரிக்கிறார். கண்ணாடித் துண்டு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுப் பையைப் பிரித்தெடுக்க அரை நிமிடம் ஆகிறதென்று வையுங்கள். தெருவிலே நூறு வீடு. ஐம்பது நிமிடம் அந்தக் கைகள் அழுகலிலே அளைந்தாக வேண்டும். ஒரு தெருவுக்கே ஐம்பது நிமிடம்! அதே வேலையை அந்தந்த வீட்டார் செய்தால் ஆகும் நேரம் எவ்வளவு? நேரமே இல்லை. சோற்றுப் பருக்கையை ஒரு வாளியிலும் பால் உறையை ஒரு பையிலும் போடுவதற்குக் கை கூடுதலாக ஒரு முழம் நீண்டால் போதும். நாம் நீட்ட மறுக்கும் அந்த ஒரு முழந்தான், அந்த அம்மையாரின் ஐம்பது நிமிடம்.

அந்தக் கை யாருடைய கை என்றும் கேட்டாக வேண்டும். எந்தச் சாதியிலே பிறந்தால் எந்த வேலை என்று எழுதிவைத்த கொடுமையை எதிர்த்துப் பிறந்த இயக்கம் நமது இயக்கம். ஊரெல்லாம் எறிவதும், ஒரு சிலர் மட்டும் தலைமுறை தலைமுறையாக அள்ளுவதும் அந்தக் கொடுமையின் எச்சந்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடுத்து 1993-ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. தூய்மைப் பணியாளருக்கென்று 2007-ல் தமிழ்நாட்டிலே நல வாரியம் அமைந்தது. கலைஞர் ஆட்சியில் 2009-ல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் கதவும் அலுவலகத்தின் கதவும் அவர்களுக்குத் திறக்கச் சட்டம் செய்தோம், சரி. ஆனால் நமது வீட்டுக் கதவு திறக்கும்போது வெளியே வருவது எது? மேடையிலே சமத்துவம் பேசிவிட்டு, மறுநாள் காலை கண்ணாடித் துண்டை மறைத்து வைத்த பையை நீட்டுகிறவர், தம்மையும் அறியாமல் அந்தப் பழைய கொடுமையைத்தான் நீட்டுகிறார்.

நாம் கட்டிய மலை

திருச்சிக்கு மலைக்கோட்டை அழகு. அது இயற்கை தந்த குன்று. திருச்சிக்கு இன்னொரு மலையும் உண்டு. அதைக் கட்டியவர்கள் நாம். தஞ்சைச் சாலையிலே அரியமங்கலத்தில், 47 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்திலே, அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊர்க் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அந்தக் குப்பை மலை அடிக்கடி தீப்பற்றி எரிந்ததையும், புகை சுற்றுப்புறத்துக் குடியிருப்புகளைச் சூழ்ந்ததையும் திருச்சி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏன் எரிந்தது? யாரோ கொளுத்தித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. காற்றுப் புகாமல் அடியிலே அழுகும் உணவும் இலையும் மீத்தேன் என்ற எரிவாயுவைக் கக்குகின்றன. மேலே கிடக்கும் பிளாஸ்டிக்கும் துணியும் அதற்கு விறகாகின்றன. இரண்டும் தனித்தனியே இருந்தால் ஒன்று உரம், மற்றொன்று விலைக்குப் போகும் சரக்கு. கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து நெருப்பு! நமது ஒரு பையிலே நாம் கலந்ததுதான் அங்கே மலையாகக் கலந்து, புகையாகக் கிளம்பி, அரியமங்கலத்துக் குழந்தையின் மூச்சிலே போய்ச் சேர்ந்தது.

அந்த மலையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் பின்னர் தொடங்கியது. பொலிவுறு நகரத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 49 கோடி ரூபாய் ஒதுக்கி, 7 இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட பழங்குப்பையைச் சலித்து, மண்ணை வேறாகவும், சிமெண்டு ஆலைக்கு எரிபொருளாகும் பொருளை வேறாகவும் பிரிக்க முனைந்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: வீட்டிலே காசில்லாமல் பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல் விட்டு, அரை நூற்றாண்டு கழித்து எந்திரம் வைத்து, கோடிக்கணக்கிலே செலவழித்துப் பிரிக்கிறோம். அந்தக் கோடிகள் எத்தனை பள்ளிக்கூடக் கட்டடம், எத்தனை குடிநீர்க் குழாய், எத்தனை பணியாளரின் மாதச் சம்பளம்! அதுமட்டுமல்ல, பழைய மலை ஒரு பக்கம் கரையும்போதே புதிய குப்பையும் அங்கே வந்துகொண்டிருந்தது என்பதையும் ஊர் கண்டது. ஓட்டைப் பானையிலே தண்ணீர் இறைத்த கதை!

திருச்சிக்கு முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். 1994-ல் திருச்சி நகராட்சியோடு திருவரங்கமும் பொன்மலையும் இணைந்து மாநகராட்சி உருவாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 8 இலட்சத்து 47 ஆயிரம் மக்கள் வாழ்ந்த ஊர் இது. 2016-ல் நாடு முழுவதும் 73 நகரங்களை எடுத்துக்கொண்டு தூய்மைக் கணக்கெடுத்தபோது, மைசூருக்கும் சண்டிகருக்கும் அடுத்து மூன்றாவதாக நின்றது திருச்சி. அடுத்த ஆண்டு 6-ஆம் இடம், 2018-ல் 13, 2019-ல் 39. போட்டியிட்ட ஊர்கள் பெருகின என்பது உண்மை. மதிப்பெண் போடும் முறையிலே குறை உண்டு என்பாரும் உளர். இருந்தாலும் நம்மால் முடியும் என்பதற்கு முதல் எண் சாட்சி. முடிந்ததை விட்டுவிட்டோம் என்பதற்குப் பின்வந்த எண்கள் சாட்சி.

பாட்டி அறிந்த பாடம்

குப்பையைப் பிரிப்பதும் மறுபடி பயன்படுத்துவதும் மேல்நாட்டார் கற்றுக்கொடுத்த புதுப்பழக்கம் என்று நினைக்கிறோம். நமது பாட்டியைக் கேட்டால் சிரிப்பாள். பழைய வேட்டி கிழிந்தால் குழந்தைக்குத் தூளித்துணி. அதுவும் நைந்தால் அடுப்படிக் கரித்துணி. கழுநீர் மாட்டுக்கு. சாம்பல் பாத்திரம் துலக்க. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவிலே குரல் கேட்ட நாட்களை நம்மிலே பலர் அறிவோம். காயலான் கடைக்காரரும், காலி பாட்டில், பழைய பேப்பர் என்று கூவி வருபவரும், எந்தச் சட்டமும் எந்தத் திட்டமும் வருவதற்கு முன்பே ஊரின் சுமையைக் குறைத்தவர்கள். அவர்களை நாம் மதித்தோமா? இல்லை. காயலான் கடை என்பதையே கேலிச் சொல்லாக்கி வைத்தோம்!

காவிரிக் கரையிலே வாழைக்கா பஞ்சம்? இலையிலே உண்டு, இலையை மாட்டுக்குப் போட்ட ஊர், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுக்கு எப்படி மாறியது? தமிழ்நாட்டிலே 2019 சனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்ற இயக்கத்தை முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். நீலகிரியிலே 2022-ல், மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டிலே கண்ணாடி குத்தி யானையின் கால் புண்ணாகக் கூடாது என்பதற்காக எழுந்த முறை அது. பத்து ரூபாய் என்றதும் பாட்டில் திரும்பி வருகிறது. யானையின் காலுக்காக வருந்தத் தெரிந்த நமக்கு, பணியாளரின் கைக்காக வருந்தத் தெரிய வேண்டாமா?

ஜப்பான் நாட்டிலே காமிகட்சு என்று ஒரு சிற்றூர். குப்பையில்லா ஊராவோம் என்று 2003-ல் அறிவித்து, 40-க்கும் மேற்பட்ட வகையாகக் குப்பையைப் பிரிக்கப் பழகிக்கொண்டார்கள். அங்கே முதியவர்களே மிகுதி; அவர்கள் நாற்பது வகை பிரிக்கிறார்கள். நம்மிடம் முதலில் கேட்டது மூன்றே வகைதான். மக்குவது, மக்காதது, மருந்தும் ஊசியும் போன்ற கேடு தருவது. 2016-ஆம் ஆண்டு விதிகளே இதை வீட்டாரின் கடமையாக எழுதிவைத்தன. வீட்டுக்கு வீடு பட்டதாரி இருக்கும் ஊருக்கு, மூன்று வரை எண்ணத் தெரியாதா?

திருவரங்கத்தின் கரையிலே

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு மக்கள் வெள்ளமாகத் திரள்கிறார்கள். காவிரி வெள்ளத்தை வணங்கி மகிழ்கிறார்கள். பக்தியைப் பற்றி வழக்காட நாம் இங்கே வரவில்லை. அதற்கு வேறு இடமுண்டு. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். தாய் என்று அழைத்த ஆற்றிலேயே பழந்துணியையும், பூசைப் பொருள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையையும் விட்டுச் செல்வது எந்த வகை வணக்கம்? வணங்குகிறவரும் தண்ணீர் குடிக்கிறார், வணங்காதவரும் குடிக்கிறார். ஆற்றுக்குக் கட்சியில்லை, மதமில்லை. கரையிலே விட்ட பை, கல்லணை தாண்டி உழவனின் வாய்க்காலிலே போய் அடைத்துக்கொள்ளும்போது, அது யார் விட்ட பை என்று கேட்பாரில்லை.

நகருக்குள்ளே ஓடும் உய்யக்கொண்டானின் கதையும் இதுவே. சோழர் வெட்டிய கால்வாய்; ஏறத்தாழ ஆயிரம் ஆண்டாக வயல்களுக்கு நீர் சுமந்த கால்வாய். உய்யக்கொண்டான் என்ற பெயரிலேயே உயிர் காக்கும் பொருள் இருக்கிறது. அதன் மீது பாலத்தைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி, பையை வீசிவிட்டுப் போகிறவரைப் பார்க்கிறோம். பார்த்தும் வாய்மூடிப் போகிறோம். வீசியவர் செய்தது ஒரு பிழை. பார்த்திருந்த நாம் செய்தது மற்றொன்று.

இதே திருவரங்கத்தில் நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. கோவிலைச் சீரமைத்தபோது, பிற்காலத்திலே மூடிக்கிடந்த பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீட்டெடுத்தார்கள். அந்தச் சீரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாராட்டு விருது கிடைத்தது. முன்னோர் கட்டியதை மண் மூடவிட்டதும் மனிதர்தான், மீட்டதும் மனிதர்தான். மூடுவதற்கு அலட்சியம் போதும். மீட்பதற்குக் கைகள் வேண்டும்.

கல்மந்தைப் பெண்கள்

அத்தகைய கைகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. திருச்சியின் கல்மந்தைக்குப் போனால் போதும். குடிசைப் பகுதி அது. பொதுக் கழிப்பறை என்றால் நாற்றமும் பூட்டுமாகக் கிடந்த காலம் ஒன்றுண்டு. இருட்டும்வரை காத்திருப்பது பெண்களின் விதி என்று ஆக்கிவைத்திருந்தார்கள். அந்த விதியை மாற்றியவர்கள் அந்தப் பகுதிப் பெண்களே. 1987-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற தொண்டு அமைப்பு வழிகாட்ட, மாநகராட்சி பொறுப்பை ஒப்படைக்க, பெண்கள் குழு அமைத்தார்கள், சிறு கட்டணம் வைத்தார்கள், முறைபோட்டுக் காவல் இருந்தார்கள், கணக்கெழுதினார்கள். 2002-ல், திறந்த வெளியை எவரும் நாடாத குடிசைப் பகுதி என்று நாட்டிலேயே முதலாவதாகக் கல்மந்தை அறிவிக்கப்பட்டது. அந்த அமைப்பைத் தொடங்கிய தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. விருது ஒருவர் பெயருக்கு வந்தாலும், அதிலே பாதி அந்தப் பெண்களுடையது என்போம் நாம்.

அதே மாவட்டத்து முசிறியிலே, மனிதக் கழிவையே நீர் வேறு, திடம் வேறாகப் பிரித்து வயலுக்கு உரமாக்கலாம் என்று செய்து காட்டினார்கள். அந்தப் பணியிலே முன்னின்ற சுப்புராமன் 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். முசிறியிலே மனிதக் கழிவையே பிரித்தார்கள். நாமோ வாழைப்பழத் தோலைப் பிரிக்க மாட்டோம் என்கிறோம்!

கல்மந்தைப் பெண்களிடம் பணம் இருந்ததா? இல்லை. பட்டம் இருந்ததா? இல்லை. தங்கள் வேலையை நாளைக்கும் வந்து செய்தார்கள். நாளை மறுநாளும் வந்து செய்தார்கள். தொண்டின் இரகசியம் அவ்வளவுதான். ஒருநாள் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது விழா. ஒவ்வொரு நாளும் செய்வதுதான் தொண்டு.

அண்ணா அமைத்த அணி

நமது இயக்கத்துக்கு இது புதிய பாடமல்ல. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1967–69 காலத்திலே சீரணி என்ற தொண்டர் படையைக் கண்டார். கட்சிக்காரர் மட்டுமல்ல, பொதுமக்களும் மாணவர்களும் தம் உழைப்பைத் தம் ஊருக்குத் தரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆட்சிக்கு வந்த பிறகும், எல்லாம் அரசே செய்யும், நீ உட்கார் என்று அவர் தொண்டனிடம் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கையிலே கொடுத்தார். சென்னைக் கடற்கரையிலே சீரணித் தொண்டர்களின் உழைப்பிலே எழுந்த மேடைதான் சீரணி அரங்கம். 2003-ல் அதை இடித்தார்கள். கல்லை இடிக்கலாம், கருத்தை இடிக்க முடியுமா? பின்னர் கலைஞர் நமக்கு நாமே என்ற திட்டத்தைத் தந்தபோதும், அடியிலே இருந்தது அதே கருத்துத்தான்.

1956-ல் தேர்தலிலே நிற்பதா வேண்டாமா என்று தொண்டனிடமே கேட்டு வாக்கெடுத்தது திருச்சி மாநாடு. அதனால்தான் திருச்சி என்றால் திருப்புமுனை என்கிறோம். அந்தத் திருச்சியிலே எந்தக் கட்சி மாநாடு நடந்தாலும், மறுநாள் காலையிலே திடலைப் போய்ப் பாருங்கள். தண்ணீர்ப் புட்டி, உணவுப் பொட்டலம், கிழிந்த பதாகை! முந்தின நாள் மாலையிலே உழைப்பாளியின் பெருமையை முழங்கியவர்கள், அவ்வளவையும் உழைப்பாளியின் முதுகிலே ஏற்றிவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். இதிலே நமக்கும் பங்குண்டு. பிறரைக் குறைசொல்லும் முன் நமது குறையை ஒப்புக்கொள்வதுதான் கண்ணியம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தொண்டு என்ற பெயரிலே அரசும் மாநகராட்சியும் தம் கடமையைக் கைகழுவுவதற்கு நாம் உடன்படமாட்டோம். தொண்டர் வருகிறார், ஆகவே பணியாளர் வேண்டாம் என்று எவரும் கணக்குப் போடக்கூடாது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 2020-ல் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியது நன்று, ஊதியம் மாறவேண்டாமா? ஒப்பந்தக்காரரின் கீழ் உழல்பவருக்கும் உரிய சம்பளமும், கையுறையும் காலணியும், வாரம் ஒருநாள் ஓய்வும், நோய்க்கு மருத்துவமும் கிடைத்தாக வேண்டும். யார் ஆண்டாலும் கிடைத்தாக வேண்டும். வீட்டார் பிரித்துத் தந்ததை வண்டியிலே மறுபடி ஒன்றாகக் கொட்டினால், அதைத் தட்டிக்கேட்கவும் வேண்டும். நமது தொண்டு பணியாளரின் சுமையைக் குறைக்க. அவரது சோற்றைக் குறைக்க அல்ல.

இனிச் செய்ய வேண்டியது

முதலாவது, நமது தோழர் ஒவ்வொருவர் வீட்டிலும் நாளைக் காலையிலிருந்தே மூன்று வகை பிரிப்பு. இதைத் துணைவியின் வேலை என்று தள்ளிவிட வேண்டாம்; பெண் விடுதலை பேசும் இயக்கத்தின் தொண்டர், தாமே அந்த வாளியைத் தூக்கி வாசலுக்கு வரட்டும்.

இரண்டாவது, கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளிலே சுற்றி, மேலே அடையாளம் எழுதித் தருவது. நமது ஏட்டைப் படித்து முடித்தபின் இந்த வேலைக்குப் பயன்படுத்தினால் நமக்கு வருத்தமில்லை; பெருமையே!

மூன்றாவது, ஒவ்வொரு கிளையும் ஒரு தெருவை ஏற்றுக்கொள்வது. கொடிக்கம்பம் நட்ட தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மணி நேரம், வீடு வீடாகச் சென்று சொல்லுங்கள். அண்டை வீட்டார் வேறு கட்சியா? அவரையும் அழையுங்கள். அழுகல் நாற்றம் கட்சி பார்த்து வீசுவதில்லை.

நான்காவது, நமது கூட்டங்களிலே பிளாஸ்டிக் பதாகையும் பொட்டலமும் வேண்டாம். வாழையிலையும் துணிக்கொடியும் போதும். கூட்டம் முடிந்த இரவே திடலைச் சுத்தம் செய்த பிறகுதான் தொண்டர் வீடு திரும்ப வேண்டும்.

ஐந்தாவது, உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆண்டாக வாசலுக்கு வருகிறவரின் பெயர் தெரியாமல், சமத்துவம் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வெயிலிலே வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். நாம் குடிக்கும் அதே செம்பிலே கொடுங்கள்.

இவற்றுக்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்ற மூன்றும் மேடைக்கு மட்டும் உரியவை அல்ல. பிரிப்பது கடமை, பணியாளரை மதிப்பது கண்ணியம், நாள்தோறும் தவறாமல் செய்வது கட்டுப்பாடு.

நாளைக் காலை ஆறரை மணிக்கு வண்டி வரும். கதவு திறக்கும். அப்போது நீளும் கையிலே என்ன இருக்கிறது என்பதை வைத்தே, அந்த வீட்டிலே ஒரு தொண்டர் வாழ்கிறாரா இல்லையா என்பதை ஊர் அறிந்துகொள்ளட்டும்!